அரண்மனைத் தோட்டத்தில் என் மகளுக்கு நடக்காத கல்யாணம்

முப்பத்துநான்கு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. அனுமதி வாங்காமல் அவன் கால் எங்கேயும் நகராது. எனக்கு வந்தது முற்றிய நிலை. நான் ஓய்வு பெற்ற வருடம் அது என் மகள் கிரேஸைத் தாக்கியது.

அப்போது அவளுக்கு இரண்டு வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக ராயகிரியில் இரும்புக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் மகன், சாமுவேல். கிரேஸ் ஒரே நிபந்தனை போட்டாள்.

"பாக்கதுக்கு வாரேன்ப்பா. ஆனா இதுவும் தட்டிப்போனா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடியல எனக்கு."

நியாயம்தான். எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் மற்றவர்களுக்குக் கோயில் பிராகாரம் இருக்கிறது. தற்செயலாகப் பார்த்துக்கொண்டதுபோல் பார்த்துவிட்டுக் கலைந்துவிடலாம். எங்கள் கிறிஸ்தவ சபையில் அப்படிப் பார்த்தால், ஆராதனை முடிவதற்குள் பத்திரிகை எங்கே என்பார்கள். அதனால் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உள்ள பழைய அரண்மனை ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சுற்றிலும் பொதுமக்களுக்கான தோட்டம். டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் போகலாம்.

(யார் வேண்டுமானாலும் போகலாம். நான் போக முடியுமா?)

அரண்மனை அலுவலகத்துக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். இரு குடும்பத்தார், தோட்டத்தில் ஒரு மணி நேரம். உண்மையை மறைப்பது குற்றம் என்பதால் நோக்கம் என்ற இடத்தில் 'திருமணம்' என்று எழுதி, பெண், பையன் பெயர்களையும் சேர்த்தேன். பத்து நாளில் பதில் வந்தது, மலையாளத்தில். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் கீழே வட்ட முத்திரை இருந்தது. முத்திரை இருக்கும் காகிதத்தை நான் சர்வீசிலேயே படித்ததில்லை.

குறித்த சனிக்கிழமை அரண்மனை வாசலில் காவலாளி காகிதத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேரளத்தில் சீனியர் சிட்டிசனுக்கு மரியாதை அதிகம் போலும் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னர் படுத்த கட்டில், மன்னர் முகம் பார்த்த கண்ணாடி, மன்னர் ஏறியிறங்கிய எண்ணற்ற படிகள் என எல்லாவற்றையும் முழங்கால் வலியோடு பார்த்து முடித்தோம். பதினொரு மணிக்குத் தோட்டத்தில் தண்ணீர் வராத நீரூற்றுப் பக்கம் சாமுவேல் வீட்டாரைத் 'தற்செயலாக'ச் சந்திப்பதாக ஏற்பாடு.

சந்தித்தோம். நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு பந்தல், பிளாஸ்டிக் பூ வளைவு, இரண்டு சிவப்பு நாற்காலிகள். முன்னால் ஒரு கரும்பலகையில் ஆங்கிலத்தில்: இன்றைய திருமணம், கிரேஸ் – சாமுவேல்.

அதை வாசித்துக்கொண்டு எங்கள் சபைப் பெண்கள் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். சுற்றுலாவாம்.

"அண்ணாச்சி! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம கல்யாணத்த முடிக்கீகளே, நல்லா இருக்கா இது?" என்றார் புஷ்பம் டீச்சர். கோபம் அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. "சரி, வந்தது வந்தாச்சு, பாடுங்கட்டி" என்றார். நாற்பது பேரும் கல்யாணப் பாட்டை எடுத்தார்கள்.

சாமுவேலின் அப்பா என்னிடம் வந்தார்.

"என்ன வே, பிள்ளையப் பாக்க வாரும்னு கூப்ட்டுட்டுக் கல்யாணத்தையே வச்சிருக்கீரு?"

"இல்ல அண்ணாச்சி, கல்யாணம்னு சும்மா அனுமதிக்காக எழுதுனது..."

"எங்கிட்ட வாங்கினீரா வே, அனுமதி?"

இரண்டாவது சரணம் முடிவதற்குள் அவர்கள் கார் கிளம்பிவிட்டது. செங்கோட்டை தாண்டும்போது கிரேஸ் கேட்டாள்: "நகல் யாருக்கெல்லாம் அனுப்புனீங்கப்பா?"

அவள் தன் வேலையில் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். ஊரில் "மாப்பிள்ளை வரலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. கல்யாணமே நடக்கவில்லை என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, கூட வேலை பார்க்கும் டேனியலைக் கட்டிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னாள். "நீங்க ஒண்ணும் எழுதாதீங்கப்பா" என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். யார், யாரை மணக்கிறார்கள் என்று அறிவித்துவிட்டு, ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. கிரேஸின் முதல் ஓலை வாசித்த அன்று புஷ்பம் டீச்சர் எழுந்தார்.

"ஆட்சேபணைன்னு இல்ல ஐயா. இந்தப் பிள்ளைக்குத்தான் அரண்மனையில கல்யாணம் முடிஞ்சிட்டே. நாங்க பாட்டெல்லாம் படிச்சமே!"

பின்னால் முப்பத்தொன்பது தலைகள் ஆடின.

போதகர் நல்லவர். என்னைவிட அதிகமாக விதிமுறை தெரிந்தவர். கல்யாணம் நடக்கவில்லை என்று எழுத்துமூலம் வந்தால்தான் அடுத்த ஓலை என்றார். நடந்ததற்குச் சான்றிதழ் வாங்கும் வழி எனக்கு அத்தனையும் தெரியும். நடக்காததற்கு எங்கே போவது? மறுபடியும் அந்த அரண்மனைக்கே பஸ் ஏறினேன். அங்கே இருந்த கிளார்க் என்னைப் போலவே ஒரு மனிதர். முறைப்படி விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார், நான்கு நாள் அலையவைத்தார், கடைசியில் கொடுத்தார். 'மேற்படி திருமணம் நடைபெறவில்லை. மணமகன் தரப்பினர் பாடல் முடியுமுன் வெளியேறினர்.' இந்த முறை ஒரு டீக்கடைக்காரரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ஊருக்குத் திரும்பினேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. டேனியல் தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை. யார் வீட்டுக்கு வந்தாலும், நான் கேட்கும்படியாகத்தான் மனைவியை அறிமுகப்படுத்துவார்:

"இவங்க கிரேஸ், என் சம்சாரம். இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகலைன்னு அரண்மனையிலயே எழுதிக் குடுத்திருக்காங்க."