டிரைவர் இல்லாத கம்ப்யூட்டர்

அந்தக் காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: கொத்தனார் வேலைக்கு லீவு போட்ட அப்பா, அம்மா, நர்சிங் முடித்த என் தங்கை ஸ்டெல்லா, நான். இல்லாதவர்கள்: கம்ப்யூட்டர் பற்றி உருப்படியாக ஏதாவது தெரிந்த அத்தனை பேரும். நான்தான் கூப்பிடவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான். நான் போய் இன்னொருத்தனைக் கேட்பதா?

பதினோரு மணிக்கு ஸ்டெல்லாவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, ஹாஸ்டலும் உண்டு. போனில் சேரக்கூடாது, கம்ப்யூட்டர்தான் என்று மெயிலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்காகத்தான் முந்தின நாள் கம்ப்யூட்டரே வாங்கினோம்.

பாண்டியில் கடைக்காரர், "விண்டோஸ் சும்மாவே போட்டுத் தரேன் தம்பி, ஊரே அதான் பண்ணுது" என்றார். திருட்டு விண்டோஸ்! நெஞ்சை நிமிர்த்தி, "வேணாம் சார், நான் லினக்ஸ் போட்டுக்குவேன்" என்றேன். விண்டோஸுக்குப் பதில் போடுவது, இலவசம், திருட்டும் இல்லை. (அவர் பார்வையில் இருந்தது அனுதாபம். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.)

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இதை எந்த மாதா சிலை முன்னாலும் சொல்வேன். எந்த போர்டு, எந்த வைஃபை கார்டு லினக்ஸில் ஓடும் என்று நெட்டில் விழுந்து கிடந்து தேடி, மாடல் பெயரை மனப்பாடம் செய்துதான் கேட்டு வாங்கினேன். அந்த வைஃபை கார்டு கம்பெனிக்காரன் என்ன செய்திருந்தான் தெரியுமா? அதே பெயர், அதே அட்டைப்பெட்டி, அதே படம். உள்ளே மட்டும் வேறு சிப்! சேமியா பாக்கெட்டில் ரவையைப் போட்டு விற்றால் வில்லியனூர் மார்க்கெட்டில் சட்டையைப் பிடிப்பார்கள். இவனுக்கு ஐந்து ஸ்டார் கொடுக்கிறார்கள்.

லினக்ஸ் அழகாக ஏறியது. நெட் மட்டும் வரவில்லை. அந்த வேறு சிப்பை இயக்கும் சாஃப்ட்வேர், டிரைவர் என்பார்கள், லினக்ஸில் இல்லை. போனில் ஒரு ஃபோரத்தில் கதறினேன். "வாங்கும் முன்பே சிப்பைப் பார்த்திருக்க வேண்டும்" என்று ஒரு மேதாவி பதில் போட்டான். எப்படிடா பார்ப்பது? கடையிலேயே பல்லால் கடித்துப் பிரித்தா?

"இன்னாடா ஆச்சு?" என்றார் அப்பா.

"டிரைவர் இல்லப்பா!" என்று கத்தினேன். "டிரைவர் இருந்தா ஓடிடும். இல்லன்னா அவ்ளோதான்!"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"ண்ணா, போன் ஒயர குத்தினா நெட் வராதா?" என்றாள் ஸ்டெல்லா.

"அது சார்ஜுக்கு. தெரியலன்னா சும்மா இரு." (வரும். தாராளமாக வரும். பிறகுதான் படித்தேன்.)

திரும்பினால் வாசலில் காக்கிச் சட்டையோடு பக்கத்துத் தெரு ஏழுமலை அண்ணன். பாண்டிக்கு டெம்போ ஓட்டுகிறவர். பின்னால் மூச்சிரைக்க அப்பா.

"வண்டி எங்க தம்பி நிக்குது? டிரைவர் இல்லாம நின்னுபூட்ச்சாமே?"

நான் மேஜையைக் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"இதுக்கு என்கிட்ட லைசென்ஸ் இல்லியே மாமா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா பாவம், "டிரைவர் இல்லாம எதுதான் ஓடும்? அவன் சொன்னான், நான் இட்டாந்தேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அதற்கும் அவர்தான் காசு கொடுத்திருந்தார்.

"மணி பத்தே முக்கால். நல்லா சிரிங்க" என்றாள் ஸ்டெல்லா. "ஏழுமல அண்ணே, என்ன வில்லியனூர் பிரவுசிங் சென்டர்ல வுடுங்க."

டெம்போ பறந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்து அவள் உள்ளே நுழைந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் ஒரே ஒரு வரி. போன் செய்தால் அடுத்தவரைக் கூப்பிட்டாயிற்று என்றார்கள். திரும்பும்போது ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால், ஏழுமலை அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்றும் எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றால், "ஏழுமலய கூப்புடு!" என்கிறார்கள். சிரிக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் கையில் கிடைத்தால் நானும் சிரிப்பேன்.

ஸ்டெல்லா இப்போது உள்ளூர் கிளினிக்கில் இருக்கிறாள். சென்னையில் சொன்னதில் பாதிச் சம்பளம். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். உள்ளே, கம்ப்யூட்டரில் செருகினால் நெட் பிடிக்கும் கட்டைவிரல் அளவு வைஃபை குச்சி. லினக்ஸில் ஓடுமா என்று கடையில் செருகிக் காட்டச் சொல்லி, நெட் வந்த பிறகுதான் வாங்கினாளாம். விலைச் சீட்டைக் கிழிக்காமலே கொடுத்தாள்.

முந்நூற்றைம்பது ரூபாய்.