பாசத் துறை

நெடுங்கரை நாட்டில் பசியால் யாரும் சாகக் கூடாது என்று அரசர் விரும்பினார். அதனால் ஊருக்கு ஒரு கஞ்சித்தொட்டி வைத்தார். திறப்பு விழாவுக்கு யானைமேல் வந்து, முதல் அகப்பைக் கஞ்சியைத் தம் கையாலேயே ஊற்றினார். அரிசி குடிமக்களின் வரியில் வாங்கியது என்பதை அன்று யாரும் பேசவில்லை.

சில ஆண்டுகளில் அரண்மனைக்குப் புதிய கோபுரம் தேவைப்பட்டது. கருவூலம் காலி. அமைச்சர் யோசித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். கஞ்சி குடித்தவர்களின் பிள்ளைகள் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். வசூலிக்க ஒரு துறையும் தொடங்கினார். அதன் பெயர் பாசத் துறை.

பாசத் துறையினர் அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கணவனை இழந்தவள். ஒரே ஒரு எருமையின் பாலை விற்று இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துவந்தாள்.

“உன் தகப்பனார் சடையன் நெடுங்காலமாக அரசுக் கஞ்சி அருந்திவருகிறார். மகளாகிய நீ ஈடு செய்ய வேண்டும்” என்றார் அதிகாரி.

“அந்த ஆளு நான் தவழும்போதே எங்கம்மாவ வுட்டுட்டுப் போனவருங்க. மூஞ்சிகூட எனக்குத் தெரியாது.”

“முகம் தெரிய வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இரத்தம் போதும்.”

எருமையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். சின்னவள் அதன் வாலைப் பிடித்தபடி தெருமுனை வரை அழுதுகொண்டே ஓடினாள்.

எருமையைக் கேட்டு மன்றாட அஞ்சுகம் பாசத் துறைக்குப் போனாள். அங்கே ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு அதிகாரியின் முன்னால் நின்றார். பார்வை மங்கியவர்.

“சாமி, நான் சடையன். எனக்குப் பொண்ணே கெடயாதுங்க. எவளோ ஒருத்தி மாட்டப் புடிச்சிக் கட்டியிருக்கீங்களாம். அவுத்து வுட்ருங்க.”

இந்த மனிதர் எதிரே வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அஞ்சுகம் ஆயுள் முழுக்க நினைத்து வைத்திருந்தாள். இப்போது அவர் தடியை ஊன்றியிருந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பெற்ற மகளை மறுப்பது பாசக் குற்றம். அதற்குத் தண்டம் உண்டு. அதையும் மகளே செலுத்த வேண்டும்” என்றார் அதிகாரி.

“அப்ப நான் கஞ்சியே குடிக்கலன்னா?”

“அது உமது விருப்பம். அரசு யாரையும் கட்டாயப்படுத்தாது.”

வெளியே வந்ததும் அஞ்சுகம் அவர் கையைப் பிடித்தாள். “எங்க போற? வூட்டுக்கு வா. இருக்கறதத் திங்கலாம்.”

அவள் தாயின் குரல் அப்படியே இருந்தது. மகள்தான் என்று அவருக்கு விளங்கியது. “நீ கூப்புட்டதே போதும்மா. நான் வந்தா ஒம் பிள்ளைங்க தட்டுலதான் கை வெக்கணும்.” கையை விடுவித்துக்கொண்டு எதிரே இருந்த சந்தைக் கூட்டத்துக்குள் போய்விட்டார். அவள் சந்தை முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் கஞ்சித்தொட்டியின் மதிலோரம் அவரைக் கண்டெடுத்தார்கள். உள்ளே கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அரண்மனை வைத்தியர் சாவுக்குக் காரணம் ‘பசியின்மை’ என்றார். நாடெங்கும் கிழவர்களும் கிழவிகளும் அதே பசியின்மையால் செத்தார்கள்.

கஞ்சித்தொட்டிகளுக்கு யாரும் வரவில்லை. ஆகவே நாட்டில் வறுமை ஒழிந்துவிட்டது என்று அமைச்சர் அறிவித்தார். வெற்றி விழாவில் அரசர் கண் கலங்கினார். “மக்களே, நானே உங்கள் தந்தை!”

மக்கள் கைதட்டுவதற்குள் அமைச்சர் எழுந்துவிட்டார். தந்தைக்குப் போடும் சோற்றுக்குப் பிள்ளைகள் பொறுப்பு என்பது ஏற்கெனவே சட்டம். ஆகவே அரண்மனைச் சமையலறையின் செலவு முழுவதும் இனி குடிமக்களுடையது.

பாசத் துறையினர் மறுபடியும் அஞ்சுகத்தின் வாசலுக்கு வந்தார்கள்.

“உன் தந்தையின் உணவுக்கான பங்கைக் கொடு.”

“எங்கப்பன் செத்துட்டான்” என்றாள் அஞ்சுகம்.

அதிகாரியின் முகம் வெளுத்தது. “அரசரையா சொல்கிறாய்?”

“எங்கப்பனச் சொல்றேன். கஞ்சி வாசத்துலயே செத்துக் கெடந்தான். எனக்கு வேற அப்பன் இல்ல.”

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரி வெளியே வந்தாள். “எங்கப்பாவும் செத்துட்டாருங்க.”

அதற்கடுத்த வீட்டுக்காரனும் அதையே சொன்னான். தெரு முழுக்கச் சொன்னது. அதிகாரிகள் பின்வாங்கி நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். பின்னாலேயே மக்கள் போனார்கள். அரண்மனைக்கு எது வழி என்று யாரும் கேட்கவில்லை.