சாதாரண வரிசையின் கண்ணியம்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெரிய காரியம், குடியேற்ற விண்ணப்பங்களுக்கு 'அதிவிரைவுக் கட்டணம்' கண்டுபிடித்ததுதான். நெப்ராஸ்காவில், சோள வயல்களுக்கு நடுவே, ஜன்னல் திறக்காத ஒரு கட்டிடத்தில் அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். நான் சாதாரணப் பிரிவு.

எல்லோரும் அதிவிரைவுக்குப் பணம் கட்டத் தொடங்கியதால் என் மேசைக்குக் காகிதம் வருவது குறைந்துபோயிற்று. அதனால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. ஒஃபீலியா டும்லாவ் என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணின் வேலை அனுமதி நீட்டிப்பை நான்கே நாளில் படித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எங்கள் ஊர் மருத்துவமனையில் முடங்கிய கால்களை மறுபடி நடக்கவைக்கிற ஒரே ஆள் அவர்.

மேலதிகாரி கார்லா பெடர்சன் என்னைக் கூப்பிட்டார்.

"டேல், இது சாதாரண விண்ணப்பம்தானே?"

"ஆமா மேடம்."

"நாலு நாள்ல முடிச்சிருக்கீங்க."

"வேற வேலை இல்ல மேடம்."

"பக்கத்து ஹால்ல அதிவிரைவுக்கு ரெண்டாயிரத்து நானூறு டாலர் கட்டினவங்க ஃபைல் பதினஞ்சு நாளா கிடக்கு. இது தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

நான் தலை குனிந்தேன். "கிழிச்சுப் போட்டுடவா?"

"சே, நாம என்ன காட்டுமிராண்டிங்களா? டிராயர்ல வச்சுப் பூட்டுங்க. ஏழு மாசம் கழிச்சு அனுப்புங்க. சாதாரண வரிசைக்குன்னு ஒரு கண்ணியம் இருக்கு."

ஒஃபீலியாவின் பழைய அனுமதி மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. மருத்துவமனையும் அவருடைய இடத்தை ஏழு மாதம் காலியாக வைத்திருக்காது. வியாழன்தோறும் ஃபோன் செய்தார்.

"சார், என் ஃபைல் எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கும்மா." இதைவிட உண்மையான பதிலை எங்கள் துறையில் யாரும் சொன்னதில்லை.

"யாராவது பாத்தாங்களா சார்?"

"நான் தினமும் பாக்கறேன்."

எங்கள் பக்கத்தில் யாருக்குத் துன்பம் வந்தாலும் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் என்ற மாவு அப்பம் சுட்டுப் பணம் திரட்டுவார்கள். அந்த ஞாயிறு காலை ஊரே வந்து சாப்பிட்டு, கண்ணாடி ஜாடியில் இரண்டாயிரத்து நானூறு டாலர் போட்டது. கார்லா மூன்று பான்கேக் சாப்பிட்டார். என் பங்குக்கு நானும் இருபது டாலர் போட்டேன்.

"ஆபீஸ்லேர்ந்து நீங்கள்லாம் வந்ததே பெருசு," என்றார் ஒஃபீலியா. "இன்னும் கொஞ்சம் சிரப் ஊத்தட்டுமா சார்?"

திங்கட்கிழமை, 'சேவையின் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு', அதிவிரைவுக் கட்டணம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ஆயிற்று. பழைய தொகைக்கு எழுதிய காசோலை திரும்பிப் போனது. தீயணைப்பு நிலையத் தலைவர் வெர்ன் ஹ்ருஸ்கா என்னை ஃபோனில் பிடித்தார்.

"ஏம்ப்பா டேல், இன்னும் ஐந்நூறா? ஊர்ல மாவே தீந்துபோச்சு."

"விலைவாசி ஏறிடுச்சு வெர்ன்."

"மாவு அதே விலைதான். உங்க முத்திரைய எதால செய்றாங்க?"

அடுத்த ஞாயிறும் சுட்டார்கள். அதற்குள் மாதம் முடிந்துவிட்டது. ஒஃபீலியா நான்கு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து, அப்போதுதான் மூன்று அடி எடுத்துவைக்கப் பழகியிருந்த ஒரு விவசாயி, அந்த நான்கு நாளும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை புதிய கட்டணம் வந்து சேர்ந்தது. பதினோரே நிமிடத்தில் அனுமதி வெளியே போயிற்று. துறையின் வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை. கார்லா என் படத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். அன்று மாலையே ஒஃபீலியா ஃபோன் செய்தார்.

"பதினோரு நிமிஷம் சார். எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க."

கஷ்டப்படத்தான் செய்தேன். ஒரு நிமிடம் பணம் வந்துவிட்டதா என்று பார்த்தேன். மீதிப் பத்து நிமிடமும் டிராயர் சாவியைத் தேடினேன்.