நிச்சயத்தன்று நான் எதிர்க்கரையில் இருந்தேன்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவும் தெரியாது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற நானே கிளம்பிப் போய்விடுவேன். அப்படி ஒரு பொய்க்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருணா கால்வாய் ஓரமாகப் பத்து கிலோமீட்டர் நடந்தவள் நான்.

பிரபு வீட்டார் என்னைப் பெண் பார்க்க எங்கள் ஊரான ஹனூருக்கு வந்திருந்தார்கள். எங்களுடையது விவசாயக் குடும்பம். நான் மட்டும் மைசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரபுவின் அம்மா விமலா அத்தை மைசூர் விஜயநகரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தினமும் விடியற்காலையில் எட்டு கிலோமீட்டர் நடப்பவர் என்று பிரபு முன்பே சொல்லிவைத்திருந்தான். உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று அவர் கேட்டதும், நடக்கப் பிடிக்கும், காலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போவேன் என்று சொல்லிவிட்டேன். காப்பித் தட்டோடு நின்ற அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். (ஆபீசில் முதல் மாடிக்கே லிஃப்டில் போகிறவள் நான். லிஃப்ட் பழுதான அன்று, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மெயில் போட்டிருக்கிறேன்.)

இரண்டு வாரம் கழித்து அத்தை போன் செய்தார். நிச்சயத்தை சித்தலிங்கபுரத்தில் பிரபுவின் பெரியம்மா வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வீடு கால்வாய் கரையிலேயே இருக்கிறது, பெரிய முற்றம், எல்லாரும் உட்காரலாம் என்றார். என் அப்பா அம்மா நேராக அங்கே வந்துவிடுவார்கள். நல்ல நேரம் முடிவதற்குள், எட்டே முக்காலுக்குள் வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டும். பிறகு அவர் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்ட வாக்கியத்தில்தான் வினை இருந்தது. நாம் ரெண்டு பேரும் பெலகொளா பக்கத்திலிருந்து கால்வாய் ஓரமாகவே நடந்து வந்துவிடலாமே, பேசிக்கொண்டே வரலாம், உனக்கு அந்த வழி தெரியுமா என்று கேட்டார்.

நல்லாத் தெரியுமுங்க என்றேன். அந்தக் கால்வாயை அதுவரை பெங்களூர் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷூ வாங்கினேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு பிரபு எங்கள் இருவரையும் ஒரு பாலத்தருகே இறக்கிவிட்டு, பட்டுப்புடவைகள் அடங்கிய பையோடு பெரியம்மா வீட்டுக்குக் காரில் போய்விட்டான். போகும்போது என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அங்கே உண்மை தெரிந்தவன் அவன் ஒருவன்தான், நானே சொல்லியிருந்தேன்.

கால்வாய் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மண் பாதை. நான் ரோட்டு வழியாகத்தான் போயிருக்கிறேன், நீதானே தெரிந்தவள், எந்தப் பக்கம் போகலாம் என்று அத்தை கேட்டார். ஒரு பக்கம் வெட்டவெளி. இன்னொரு பக்கம் புங்க மரங்கள், நிழல், பறவைச் சத்தம். நான் நிழலைக் காட்டினேன். பத்து வருஷமாக அந்த வழியே போய் வருகிறவள் மாதிரி ஒரு கையசைப்பு வேறு.

முதல் இரண்டு கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. தண்ணீர் எங்களோடு கூடவே வந்தது. ஒரு நாரை முன்னால் பறந்து போய் உட்காரும். நாங்கள் நெருங்கியதும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரும். அத்தை நிறுத்தமே இல்லாத பஸ் மாதிரி போய்க்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க "ம்" மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாவது கிலோமீட்டரில் ஷூ குதிகாலைக் கடிக்க ஆரம்பித்தது. ஐந்தாவதில் அது என் குதிகாலைத் தின்றுகொண்டிருந்தது. நான் நொண்டினேன். அத்தையின் நடையும் மெதுவானது. எனக்காக மெதுவாகப் போகிறார், பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது கிலோமீட்டருக்கு மேல் பாதை முள் மண்டிப் போனது. ஓர் ஆட்டு மந்தை எதிரே வந்து, நாங்கள் சரிவில் ஒதுங்கி நிற்க, நிதானமாகக் கடந்து போனது. அதில் ஓர் ஆடு என் துப்பட்டாவின் நுனியைச் சாப்பிட்டது. சிவப்புத் துப்பட்டா, இந்த நடைக்காகவே புதிதாக எடுத்தது.

எட்டு மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் அம்மாவின் குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் பெயிண்ட் அடித்த வீடு, முற்றத்தில் கோலம், நாற்காலிகள், பட்டுப்புடவையில் பெரியம்மா, வேட்டியில் அப்பா, அத்தையின் கணவரான மாமா, பிரபு, எல்லாரும் இருந்தார்கள். எதிர்க்கரையில்.

நடுவே பத்துப் பதினைந்து மீட்டர் தண்ணீர். இரண்டு பக்கமும் வழுக்கும் சிமெண்ட் சரிவு. எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அத்தை கன்னடத்தில் விசாரித்தார். அடுத்த பாலம் இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாம். அங்கே கடந்து திரும்பி வந்தால் மொத்தம் நாலு; இந்தப் பக்கம் காரும் வராதாம். இந்தக் கரையில் எதற்கு வந்தீர்கள், யாரும் இதில் வருவதில்லையே என்று அவர் ஆச்சரியப்பட்டார். அத்தை என்னைப் பார்த்தார்.

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கல்யாணம் இங்கேயே முடிந்தது என்று தோன்றியது. எதிர்க்கரையில் அம்மா தலையில் கை வைத்திருந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லோணுமுங்க. நான் நடக்கவே மாட்டேனுங்க. அன்னிக்குச் சொன்னது பொய்யுங்க. இந்த வழியும் தெரியாதுங்க."

அத்தை என் பக்கத்தில் மெல்ல, கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தெரியும். பாலத்துகிட்டயே பாத்தேன். உன் ஷூவுக்கு அடியில விலைச் சீட்டு ஒட்டிட்டு இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

"நீ எப்ப உக்காரலாம்னு சொல்லுவேன்னு காத்துட்டு இருந்தேம்மா. எனக்கு நாலாவது கிலோமீட்டர்லயே முட்டி போயிடுச்சு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். எட்டு கிலோமீட்டர் என்பது வீட்டில் சொல்லும் கணக்கு. பார்க்கில் இரண்டு சுற்று நடப்பாராம். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து சிநேகிதிகளோடு பேச்சு. பிரபு ஊரெல்லாம் அம்மாவின் நடையைப் பற்றிப் பெருமையடித்துவிட்டதால், நடக்கிற மருமகளுக்கு முன்னால் மானம் போகக் கூடாது என்று பயந்து இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துகொண்டு பத்து கிலோமீட்டர் நடந்திருக்கிறோம்.

சிரித்தோம். எதிர்க்கரையில் இருந்தவர்களுக்கு நாங்கள் அழுவது போலத் தெரிந்திருக்கிறது. பிரபு தண்ணீர் ஓரம் வரைக்கும் ஓடி வந்தான்.

மணி எட்டு முப்பத்தைந்து. மாமா எதிரிலிருந்து கூப்பிட்டார். அவர் அத்தையைக் கேட்காமல் சட்டைகூட எடுக்காதவர். வெற்றிலை பாக்கை எப்படி மாற்றுவார்? அதனால் கையைக் குவித்து, ஆகட்டுமா விமலா என்று கேட்டார். அத்தை எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஆகட்டும் என்று கத்தினார். வகுப்பறையில் பழகிய குரல், தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டிப் போனது.

அப்பா தட்டைத் தூக்கினார். பிறகு கீழே வைத்துவிட்டார். இரண்டு அடி முன்னால் வந்தார். காட்டில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஆள் கூப்பிடுகிற குரல் அவருடையது.

"கண்ணு, உனக்குச் சம்மதந்தானே?"

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்டிருக்கவில்லை. அப்பாவுக்கும் அந்த நிமிடம்தான் அது தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எருமைக்காரரும் பார்த்தார்.

"சம்மதமுங்கப்பா."

முதல் தடவை சொன்னது தண்ணீர்ச் சத்தத்தில் அமுங்கிப்போனது. இரண்டாவது தடவை சித்தலிங்கபுரம் முழுக்கக் கேட்டிருக்கும். அப்பா தட்டை மாமாவிடம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் துணி துவைத்தவர்கள் ஈரக் கையோடு தட்டினார்கள். நிச்சயம் முடிந்தது, பெண்ணும் மாப்பிள்ளையின் அம்மாவும் மட்டும் அங்கே இல்லை.

பிறகு புல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டிராக்டரில் எங்களை ஏற்றிவிட்டார் எருமைக்காரர். பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்கு வீட்டு வாசலில் புல்லோடு புல்லாக வந்து இறங்கினோம். வெறுங்கால், தலையில் புல், பாதித் துப்பட்டா. "ஏஞ்சாமி, இப்படியா வந்து நிப்பே" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். இட்லி ஆறியிருந்தது. நான் ஒன்பது சாப்பிட்டேன். அத்தை எண்ணிவிட்டு, தாம் ஏழோடு நிறுத்திக்கொண்டார்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. சமையலறையில் எந்தப் பக்கம் அலமாரி வைப்பது என்பதிலிருந்து யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது என்பது வரை எதில் பேச்சு வந்தாலும், நானும் அத்தையும் ஒன்றையே சொல்வோம். பிரபு ஏதாவது வாதம் செய்ய வாயைத் திறப்பான். மாமா செய்தித்தாளை இறக்காமலே அவனைத் தடுப்பார்.

"விட்டுடுப்பா. அவங்க ரெண்டு பேரும் அந்தக் கரை."