அக்கா, நான் படிப்பை நிறுத்துகிறேன்

பெஹாலா, கொல்கத்தா
வியாழக்கிழமை

அன்புள்ள அருக்காணி அக்காவுக்கு,

தம்பி செல்வராஜின் வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மச்சான் இனிப்பைக் குறைத்தாரா, இல்லை டப்பாவை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். நாளை பல்கலைக்கழகத்தில் விலகல் கடிதம் கொடுக்கப் போகிறேன். நீ சிரிப்பாய். பாதிரியார்கள் நடத்தும் இடத்தில், மதங்களைப் பற்றிய எம்.ஏ.வில் சேர்ந்தேன் என்றபோதே போனில் சிரித்தாய். "ஏண்டா செல்வா, நம்மூரு மாரியாத்தா கோயில் படிய மிதிக்காதவன், அங்க போயி மண்டி போடப் போறியாக்கும்?" அன்றே விளக்கினேன்: ஒரு கணக்குத் தப்பு என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அதை முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வேறு எப்படிப் பேசுவான்? என் வீட்டுக்காரி சரிதா போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் பேச்சுக்கு ஆளில்லை என்பதும் ஒரு காரணம். அதை விடு.

அங்கே தினமும் வகுப்புக்கு முன் பிரார்த்தனை. மாணவர்கள் முறை வைத்து நடத்த வேண்டும்; வெள்ளிக்கிழமை மட்டும் பாடம் எடுக்கும் ஃபாதர். செவ்வாய்க்கிழமை என் முறை. ஃபாதரிடம் போய், "எனக்கு நம்பிக்கை இல்லை, நடித்தால் உங்களுக்குத்தான் அவமரியாதை" என்றேன். "நடிக்க வேண்டாம், செல்வராஜ்பாபு. உங்களுக்கு எது நிஜமோ அதைச் செய்யுங்கள்" என்றார். எழுந்து நின்றேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எதிரே பெஞ்சு, பெஞ்சு நிறையப் பிள்ளைகள். இப்படி நின்றால் எனக்கு வருவது ஒன்றுதான், அக்கா. அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்! "கௌசிக்?" என்றேன். கண்ணைத் திறக்காமலே "ப்ரெசென்ட்" என்றான். "சஹானா?" "ப்ரெசென்ட்." "மௌமிதா?" சத்தமே இல்லை. பழக்கதோஷம், "ஏன் வரலை? பக்கத்துல உட்கார்றது யாரு?" என்று அதட்டிவிட்டேன். முந்தின நாளும் வரவில்லையாம், ஒருத்தரும் கவனிக்கவில்லை. சஹானா போன் போட்டாள். அந்தப் பெண் பவானிபூரில் வாடகை அறையில் தனியாகக் காய்ச்சலில் கிடக்கிறாள், தண்ணி கொடுக்க ஆளில்லை. அப்புறம் என்ன, ஃபாதர் உட்பட வகுப்பே பஸ் ஏறிப் போய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, சாயங்காலம் நான் ரசம் வைத்து எடுத்துப் போக, அவள் "சித்தப்பா" என்பதை வங்காளத்தில் "காகு, காகு" என்று கூப்பிட்டுக்கொண்டே, காரம் தாங்காமல் அழுதபடி முழுசையும் குடித்துவிட்டாள்.

அநியாயத்தை இனிமேல்தான் கேட்கப் போகிறாய். மறுநாள் ஃபாதர் எல்லார் முன்னாலும், "நேற்று செல்வராஜ்பாபு நன்றாகப் பிரார்த்தனை செய்தார்" என்கிறார்! "அது பிரார்த்தனை இல்லை ஃபாதர், அட்டெண்டன்ஸ்" என்றேன். "சரி, அட்டெண்டன்ஸ்தான்" என்று சிரிக்கிறார். சண்டைக்கு வந்திருந்தாலாவது இருந்து படித்திருப்பேன். ஓர் உதாரணம் சொல்கிறேன்: கபடி ஆடப் போன இடத்தில் எதிரணி டீ போட்டுக் கொடுத்தால் எப்படி ஆடுவது? இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்னைப் பக்தன் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே விலகுகிறேன். மச்சானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அன்புத் தம்பி,
செல்வராஜ்

பி.கு.: வெள்ளிக்கிழமை. கடிதத்தோடு வகுப்புக்குப் போனேன். இன்று ஃபாதர் முறை. கண்ணை மூடிக்கொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "மௌமிதா?" என்றதும், "ஆஸ்பத்திரியில் இருக்கா, காய்ச்சல் இறங்கிடுச்சு" என்று நாலைந்து குரல்கள். கடைசியில் "செல்வராஜ்?" என்றார். விலகல் கடிதம் கையில்தான் இருக்கிறது, அக்கா. ஆனால் எதிரே உட்கார்ந்துகொண்டு, வரவில்லை என்று எப்படிச் சொல்வது? "ப்ரெசென்ட், சார்" என்றேன். மேலே எழுதியதைப் படிக்காதே. சாமி விஷயத்தில் நான் பழைய செல்வாதான். பருப்புப்பொடி அனுப்பும்போது வகுப்புக்கே போதும்படி அனுப்பு. காரம் குறைத்து.