சூப்பிரண்டு வைத்த சூப்பு

மனித குல வரலாற்றில் மாபெரும் தியாகங்கள் இரண்டே வகைப்படும். நாட்டுக்காக உயிரைக் கொடுப்பது ஒன்று. மனைவிக்காக அரைநாள் விடுப்பைக் கொடுப்பது மற்றொன்று. முதலாவதைச் செய்தவர்கள் ஏராளம். இரண்டாவதைச் செய்தவர், கழிவுநீர் வாரிய அலுவலகத்தின் சூப்பிரண்டு.

அவர் மனைவி காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். சூடாக ஏதாவது குடிக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். உடனே சூப்பிரண்டு அலுவலகத்தில் எழுந்து நின்று, 'விரைவுக் கோழி சூப்பு' ஒன்றைத் தம் கையாலேயே தயாரிக்க உத்தேசித்திருப்பதாக அறிவித்தார். தட்டச்சு ஓசை நின்றது. தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்களேவா சார்?"

"நானேதான். வீடியோ பார்த்துட்டேன். கொதிக்க வச்சு இறக்குறதுதானே."

"உங்களுக்கென்ன சார், பேர்லயே சூப்பு இருக்கு. அதுவும் இரண்டு" என்றார் தலைமை எழுத்தர்.

வழியில் கோழிக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த சூப்பிரண்டு, மனைவியின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"நீ கட்டிலை விட்டு அசையக் கூடாது. எல்லாம் நான் பாத்துக்குறேன்."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. கண்ணை மூடி, அதை இன்னொரு முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். பாதி சொல்வதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மிளகு எங்க இருக்கு?"

"மேல் தட்டுல, இடது பக்கம்."

"உனக்கு இடதா, எனக்கு இடதா?"

மிளகு கிடைத்தது. டப்பா மட்டும் கீழே விழுந்தது.

"குக்கர் மூடி சேர மாட்டேங்குதே."

"அது வேற பாத்திரத்து மூடிங்க."

பிறகு, ஆழ்ந்த யோசனையுடன் ஒரு கேள்வி:

"கோழியக் கழுவணுமா?"

"ஆமாங்க."

"சோப்புப் போட்டா?"

சூப்புக்கும் சோப்புக்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம் என்றாலும், அவள் எழுந்துவிட்டாள். போர்வையோடு சுவரைப் பிடித்தபடி போய், கறியைக் கழுவி, வெங்காயம் நறுக்கி, பூண்டைத் தட்டினாள். சூப்பிரண்டு உடனே தமக்குக் கைவந்த பணிக்கு மாறினார், அதாவது, மேற்பார்வை. கைப்பேசியைப் பார்த்தபடியே நின்றார்.

"இப்ப பூண்டு போடச் சொல்றாங்க."

"போட்டாச்சு."

"தீயைக் குறைக்கச் சொல்றாங்க."

"குறைச்சாச்சு."

"பாத்தியா, எவ்வளவு சுலபம். பொம்பளைங்க சும்மா பெருசு பண்றீங்க."

குக்கரைத் திறந்த நேரம் வாசல் மணி அடித்தது. நோயாளியைப் பார்க்க அலுவலகமே திரண்டு வந்திருந்தது. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? நோயாளி டம்ளர்களை எடுத்து வைத்தாள். சூப்பிரண்டு சூப்பை வழங்கினார்.

"சார் கைப்பக்குவமே தனி" என்றார் தலைமை எழுத்தர்.

"அக்கா, நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள் தட்டச்சுக்காரி. அக்கா குடுத்துத்தான் வைத்திருந்தாள், குக்கர் காலி. அடியில் ஒரு கழுத்தெலும்பும் கொஞ்சம் சாறும் மிஞ்சியிருந்தன. எல்லாரும் போனபிறகு, கழுவ வேண்டிய டம்ளர்களின் நடுவே நின்றபடியே அதைக் குடித்தாள். கண்ணில் நீர் வந்தது. மிளகு சற்றுத் தூக்கல்.

கணவன் மனைவி எதையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பார்கள். மறுநாள் காய்ச்சல் அவளை விட்டு அவருக்கு வந்தது. அவள் சூப்பு வைத்தாள். இதற்காக எங்கும் தட்டச்சு நிற்கவில்லை. யாரும் கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஏனென்றால், அது தியாகமல்ல, சமையல்.

தலையணையில் சாய்ந்தபடி இரண்டு மிடறு குடித்தார் சூப்பிரண்டு. நாக்கைச் சப்புக்கொட்டி, நீதிபதியைப் போல யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, நேத்து நான் வச்ச மாதிரி வரல."

அவள் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள். மீதியை நிதானமாகத் தானே குடித்து முடித்தாள்.

"எப்படிங்க வரும்? நேத்து வச்சவளுக்குக் காய்ச்சல். இன்னைக்கு அவளுக்குத் தெளிஞ்சிருச்சு."