மறைத்த கையும் மறைக்காத நெஞ்சும்

உடம்பின் மேல் எதையும் எழுதக் கூடாத வயது ஒன்று உண்டு. அது இருபத்தைந்து. காகிதத்தில் எழுதியதைக் கிழித்துப் போடலாம். பத்திரிகையில் வந்ததை எப்படியும் யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று ஆறுதல் அடையலாம். தோலில் எழுதியதோ நம்மோடு குளிக்கும், நம்மோடு பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கும், நாம் பருத்தால் தானும் பருக்கும்.

அந்த வயதில் என் இடது முன்கையின் உட்பக்கத்தில், முழங்கை மடிப்புக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டு வரை, நானே எழுதிய ஒரு வரியைப் பச்சை குத்திக்கொண்டேன். 'நான் நதி. கரைகள் எனக்குச் சொந்தமில்லை.' (அப்போது ஹெப்பகோடியில் குடியிருந்தேன். என் அறைக்குப் பின்னால் ஓடியது நதி அல்ல. ஆனாலும் ஓடியது.) இரண்டே வருஷத்தில் அந்த வரி எனக்கே சலித்துவிட்டது. அதற்குள் திருமணமும் ஆகிவிட்டது. முதல் கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஏதாவது தர வேண்டுமே என்று யோசித்து, அதே கடைக்குப் போய், நெஞ்சின் இடப்பக்கம் 'விமலா' என்று குத்திக்கொண்டு வந்தேன். சட்டையைத் திறந்து காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலித்ததா என்று கேட்டாள். பிறகு, இதற்குப் பதிலாக மிக்ஸியை ரிப்பேர் பண்ணியிருக்கலாம் என்றாள்.

நான் வேலை பார்த்தது மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிற கம்பெனியில். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், முழுக்கைச் சட்டை போட்டு வரச் சொல்லி என்னிடம் நயமாகச் சொல்வார்கள். நதியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படிப் பல வருஷம் உட்கார்ந்ததில் எனக்குள் ஒரு சித்தாந்தம் உறைந்துவிட்டது: பச்சை குத்தியது வெளியே தெரிந்தால்தான் குற்றம், உள்ளே இருந்தால் சொந்த விஷயம்.

என் மாமனார் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தொம்மலூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மாப்ளே, எழுதறீங்க, சரி. வேலைன்னு என்ன பண்றீங்க?"

கையேடு என்றால் என்னவென்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

"அதாவது மிஷின எப்படி ஓட்டறதுன்னு எழுதறீங்க. ஓட்டறது யாரு?"

வேறு யாரோ என்று ஒப்புக்கொள்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் பக்கத்து நாற்காலியில் பெரிய மருமகனை உட்காரச் சொல்வார். (பெரிய மருமகன் லாரி ஓட்டுகிறவர்.)

நாற்பதைத் தாண்டியபோது எனக்குள் ஒரு காற்று சுற்ற ஆரம்பித்தது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் போகாத காற்று. அந்தச் சமயத்தில்தான், சொந்த வேலையை விடாமலே வருஷத்தில் சில வாரம் மட்டும் சீருடை போடுகிற ராணுவப் பிரிவு ஒன்று இருப்பது தெரிந்தது. என்னைப் போன்றவர்களையும் அதிகாரியாக எடுப்பார்களாம். வயது வரம்புக்குள் எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரே தடவைதான். விண்ணப்பித்தேன். விமலா சிரித்தாள். எழுத்துத் தேர்வில் தேறினேன். சிரிப்பு நின்றது. நேர்முகத்தில், இந்த வயதில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். கோட்டுப் போட்ட கவிஞனைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ, அதிலும் தேறிவிட்டேன். மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி.

அன்றிலிருந்து மாமனார் வேறு ஆளாகிவிட்டார். விடியும் முன்பே விசிலோடு வந்து வாசலில் நிற்பார். என்னைப் பார்க்கைச் சுற்றி ஓடவிட்டு, தான் பெஞ்சில் உட்கார்ந்து, "மாப்ளே, மூச்ச மூக்கால விடுங்க" என்பார். பால் பூத்தில், மெடிக்கல் ஷாப்பில், இஸ்திரிக்காரரிடம், எங்க சின்ன மாப்பிள்ளை ஆபீசராகப் போகிறார் என்று அறிவித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் இருக்கும்போது, தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "இங்க உக்காருங்க" என்றார். லாரி மருமகன் எழுந்து இடம் கொடுத்தார். எனக்குச் சீருடை மேல் இருந்த ஆசையைவிட அந்த நாற்காலி மேல் ஆசை அதிகம் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

பரிசோதனைக்கு முந்தின நாள் என் கையைத் திருப்பிப் பார்த்த மாமனாரின் முகம் இருண்டது.

"எங்க காலத்துல இதெல்லாம் யாரும் கண்டுக்க மாட்டாங்க. பேரு, சாமி, எல்லாம் குத்தின ஆளுங்க இருந்தாங்க. இப்ப ரொம்ப ஸ்ட்ரிக்டாம். கண்ணுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ராணுவத்தைப் பற்றி அவரிடம் போய் யார் கேட்பார்கள்? விதிகள் எல்லாம் தேர்வு அறிவிப்பிலேயே அச்சிட்டிருந்தன. கையேடுகளை எவனும் படிப்பதில்லை என்று வாழ்நாளெல்லாம் புலம்புகிற நான் அதைப் படிக்கவில்லை.

"மறைச்சிடலாம்ப்பா" என்றாள் விமலா. அவள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். மணப்பெண் அலங்காரத்தில் எங்கள் பகுதியில் அவளுக்கு நல்ல பெயர். அழுதாலும் கலையாது, ஹோமப் புகைக்கும் அசையாது என்பது அவளுடைய உத்தரவாதம்.

மாமனார் போன பிறகு, நெஞ்சில் இருப்பதை என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன். (மாமனாருக்கு அது தெரியாது. மருமகனின் நெஞ்சை எந்த மாமனார் பார்த்திருக்கிறார்?)

"அது யூனிஃபார்முக்கு உள்ள இருக்கு. யாரு பாக்கப் போறா?"

என் சித்தாந்தமும் அதையேதான் சொன்னது.

காலையில் அவள் என் முன்கைக்கு அடுக்கடுக்காகப் பூச்சு போட்டாள். நதி மறைந்தது. கரைகளும் மறைந்தன. ஒரே ஒரு சிக்கல். பார்லரில் இருந்ததெல்லாம் மணப்பெண்கள் கேட்கிற நிறம். என் உடம்பு முழுக்க ஒரு நிறம், இடது முன்கை மட்டும் முகூர்த்தத்துக்குத் தயாரான நிறம். போதாக்குறைக்குப் பூச்சில் ஏதோ மினுமினுப்பு வேறு. வெயிலில் கையை நீட்டினால் ஜரிகை போல் ஒளிர்ந்தது. "வெளிச்சத்துல நிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

ராணுவ ஆஸ்பத்திரியில் வெளிச்சம் இல்லாத இடமே கிடையாது.

மாமனார் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார். உள்ளே எங்களைப் பனியனோடு வரிசையில் உட்கார வைத்தார்கள். இடது கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ரத்த அழுத்தம் பார்க்க வந்த உதவியாளர் அதைப் பிரித்தெடுத்தார். பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார். அவை சிவந்த மாநிறத்தில் மின்னின.

"கைகே ஏனாய்து சார்?" என்றார். கைக்கு என்ன ஆயிற்று என்று கன்னடத்தில், உண்மையான கவலையோடு.

"ஏனில்லா", ஒன்றுமில்லை என்றேன். அவர் எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்துவிட்டார். டாக்டர் ஒரு மேஜர், வேலூர்க்காரர். என் கையை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, அரிக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது தோல் வியாதி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். தோல் நோய் என்று எழுதிவிட்டால்? பச்சையைச் சொன்னால்? இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று, கடைசியில் வாயைத் திறந்தேன்.

"மேக்கப் சார்."

டாக்டர் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்து மெதுவாகத் துடைத்தார். மூடுபனி விலகுவது போல் நதி வெளியே வந்தது. அவர் சத்தமாகப் படித்தார். என் வரியை வேறொருவர் குரலில் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"அதனாலதான் மறைச்சீங்களா?"

"இல்ல சார். கண்ணுக்குத் தெரிஞ்சா எடுக்க மாட்டாங்கன்னு..."

"யாரு சொன்னது? முன்கையோட உட்பக்கம் இருக்கலாம், புறங்கையில இருக்கலாம். இதுல ஒண்ணும் பிரச்சினையே இல்லையே."

அந்த நிமிஷத்தின் இனிப்பை என்னால் இன்னும் எழுத முடியவில்லை. நாற்காலி தெரிந்தது. அதில் நான் தெரிந்தேன். நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், பனியனைக் கழற்றுங்க.

கழற்றினேன். பயமே இல்லாமல், கையில் இருப்பதையே விட்டுவிட்டவர்கள் இதையா பிடிக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கையோடு.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது யாரு?"

"மனைவி சார்."

"இது கூடாதே."

விளங்காமல் பார்த்தேன். உடையை மாட்டினால் மறைந்துவிடும் என்றேன். அதுதான் கூடாது என்றார். கையில் அந்த இரண்டு இடம் தவிர உடம்பில் எங்கே நிரந்தரமாகக் குத்தியிருந்தாலும் விதிப்படி எடுக்க முடியாதாம். பழங்குடி மக்களின் வழக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டாம்.

"கவிஞர்களுக்கு?"

"இல்ல" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது வியப்பு. ஊரெல்லாம் மறைக்கச் சொன்னதை இவர்கள் காட்டலாம் என்கிறார்கள். ஊரெல்லாம் கண்டுகொள்ளாததைக் கூடாது என்கிறார்கள். ஏன் சார் என்று கேட்டேன். பனியனைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்ப்பு போன மனிதன் கேட்கிற கேள்வியா இது? அவர் கொஞ்சம் யோசித்தார். "விதி தெரியும். காரணம் எனக்கும் தெரியாது" என்றார். உதவியாளரும் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினார். மூன்று பேரும் சேர்ந்து சற்று நேரம் என் நெஞ்சைப் பார்த்தோம்.

வெளியே வந்தேன். மாமனார் மரத்தடியில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கலைஞ்சிடுச்சா?"

"கை பாஸ், மாமா."

"பின்னே?"

சாலை ஓரத்தில், ஆட்டோக்கள் ஹாரன் அடித்துப் போக, சட்டையின் இரண்டு பட்டனைக் கழற்றிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். தன் மகளின் பெயரை. நிமிர வெகு நேரமாயிற்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். பால் பூத்தும் மெடிக்கல் ஷாப்பும் இஸ்திரிக்காரரும் அவர் முகத்தில் வரிசையாக வந்து போனது தெரிந்தது.

"எப்ப குத்தினது?"

"முதல் கல்யாண நாளுக்கு."

"இத்தன வருஷமா இருக்குதா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது தூசி இல்லாமல்தான் இருந்தது. பிறகு சுபேதார் குரல் திரும்பியது. "கையில அவ்ளோ இடம் இருந்துதே மாப்ளே. அந்த நதிய விட்டுட்டு இதக் குத்தியிருக்கக் கூடாதா?"

என் கவிதையைப் பற்றி வந்த விமர்சனங்களில் அதுவே சரியானது.

வழியெல்லாம் காரணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். சல்யூட் அடிக்கிற கை இல்லை, அதனால் விட்டிருப்பார்கள் என்றார் அவர். வலது கையானாலும் விட்டிருப்பார்கள், டாக்டர் அப்படித்தான் சொன்னார் என்றேன் நான். கையில் எழுதினதை ஒருத்தன் தினமும் தானே பார்த்துக்கொண்டிருப்பான், அதனால் வெட்கப்படாததைத்தான் எழுதுவான் என்று எனக்குத் தோன்றியது. (அப்படியானால் நான் விதிவிலக்கு.) இன்றுவரை எந்தப் பதிலும் பொருந்தவில்லை. சீருடையில் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அவர் முன்கைக்குத்தான் போகிறது.

விமலாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள். தன்னால்தான் போச்சா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டாள், அதைவிட அதிகமாகப் பெருமைப்பட்டாள். அதை மறைக்க அவளிடம் எந்தப் பூச்சும் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு மாமனார் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. ஆனால் கதை குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது. புதிதாக யார் வந்தாலும், விமலாவின் அக்கா காபி கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறார்.

"இவரு மட்டும் மிலிட்டரிக்குப் போயிருந்தா நம்ம எல்லை என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாருங்க. நாட்டக் காப்பாத்தினதே எங்க விமலாதான்."

குடியரசு தினத்தன்று டி.வி.யில் அணிவகுப்பு முடிந்ததும் மாமனார் எழுந்து நின்று தன் சின்ன மகளுக்கு ஒரு சல்யூட் அடிக்கிறார். அவள் தோசைக் கரண்டியோடு வந்து அதை ஏற்றுக்கொள்கிறாள். அவருக்குப் பின்னால் சல்யூட் அடித்தபடி வரிசையில் லாரி மருமகன், அக்கா, குழந்தைகள், கடைசியில் நான். மாமனார் எல்லோரையும் தாண்டி வந்து, என் முழங்கையை மட்டும் தட்டி, சரியான உயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டுப் போகிறார்.